ஜிஞ்சருக்கு அப்பா யார்?

பாசமுள்ள அத்திம்பேருக்கு,

இப்போது எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யார் உயிரை வாங்குகிறீர்கள்? அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து இந்த மச்சினன்தான் உங்களுக்கு அகப்பட்டவன். மகாராஜா சர்க்கார் ஆபீஸிலிருந்து வலியசாலை வீட்டுக்கு நடந்து வருவதற்குள் ஓர் இங்கிலீஷ் வார்த்தை சிக்கிவிடும். "இதுக்கு அப்பா ஆராக்கும்?" என்பீர்கள்.

கடைசியாகச் சிக்கியது ஜிஞ்சர். அப்பா பிரெஞ்சு, தாத்தா லத்தீன், கொள்ளுத்தாத்தா கிரேக்கம் என்று நூலகத்து அகராதியிலிருந்து கண்டுபிடித்து வந்தீர்கள். கிரேக்கத்தில் அது சிங்கிபெரிஸ். "கிரேக்கனுக்கு ஆர் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டீர்கள்.

"அவா ஊர்லேயே வெளஞ்சிருக்கும், விடுங்கோ" என்றேன். பதில் தெரியாமலே போய்விட்டீர்கள். அது எனக்கு ஆறவேயில்லை.

நேற்று உங்கள் முதல் வருஷ சிராத்தம். சாலைக் கடைத்தெருவுக்குக் காய் வாங்க நான் போனேன். பையைக் கவிழ்த்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பச்சமொளகா, உருளைக்கெழங்கு! சீமையிலேர்ந்து கப்பல்லே வந்ததெல்லாம் சிராத்தத்துக்கு ஆகுமாடா? அவருக்கு மொளகும் இஞ்சியும் போரும்."

எனக்குப் பொறி தட்டியது. கப்பலில் வந்த காயைச் சிராத்தத்தன்று அடுப்பங்கரையிலேயே சேர்க்காதவர்கள் இஞ்சியை இலையில் வைக்கிறார்களே! அப்படியானால் அது வந்ததில்லை, போனது. கிரேக்கன் இங்கே வந்துதான் வாங்கியிருக்கிறான். பெயரையும் கூடவே கொண்டுபோயிருப்பான் இல்லையா?

சாஸ்திரிகளிடம் கேட்டேன். "சிருங்கவேரம்னு சம்ஸ்கிருதம் ஓய். சிருங்கம்னா கொம்பு; இஞ்சி கொம்பு மாதிரி இருக்கோல்லியோ?" என்றார். நான் 'இஞ்சிவேர்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அதுவும் சிங்கிபெரிஸுக்குக் கிட்டத்தில்தான் வருகிறது. இரண்டில் எது மூத்தது? எனக்கு நம் இஞ்சி பக்கம்தான் ஆசை. ஆசை மட்டும் போதுமா, அத்திம்பேர்? நீங்கள் இருந்திருந்தால் சமைத்ததெல்லாம் ஆறிப்போகும் வரை பேசியிருப்போம்.

பிறகு உங்கள் பிள்ளை மணி தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சாஸ்திரிகள் அவன் கையில் எள்ளைக் கொடுத்து, "அப்பா பேரு என்ன, சொல்லு" என்றார்.

உங்கள் கேள்வி. இந்தத் தடவை பதில் நீங்கள்.

மணி உங்கள் பெயரைச் சொன்னான். அப்புறம் உங்கள் அப்பா பெயரை, தாத்தா பெயரை. அடுப்பங்கரை வாசலில் நின்ற அக்கா அழுதாள். நானும்தான்.

அந்த மூத்த பெயரைத் தேடாமல் விடமாட்டேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வருஷாவருஷம் உங்கள் இலைக்கு இஞ்சி நான்தான் வாங்கி வருவேன். பச்சைமிளகாய் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
எதிர்வாதம் பண்ண ஆளில்லாமல் தவிக்கும்
உங்கள் மச்சினன்