தூக்கத்தில் பயமேது

மார்ச் 3
மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது மறுபடியும் வந்தது. நெஞ்சு படபடத்து, தலை விண்விண்ணென்று தெறித்து, முதுகெல்லாம் வியர்வை. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பயப்பட என்ன இருக்கிறது? கால் மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டது.
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பயந்தாங்கொள்ளி, நாளன்னைக்குப் பித்தப்பை ஆபரேஷன்னு இப்பவே உதறுதா?" என்றார். ஆறு வருடமாக இந்த வீட்டில் என் பெயர் அதுதான்.

மார்ச் 6
எழுத்து கோணல்மாணலாக வருகிறது. நேற்று முகமூடியை வைத்து, "நல்லா மூச்சை இழுங்க" என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. விளக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. கூடவே நானும். எடையே இல்லை. யாரும் இல்லை — பயமும் இல்லை.
விழித்தபோது இவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். "பாதியிலயே நிறுத்திட்டாங்க." கத்தி வைத்ததுமே ரத்த அழுத்தம் இருநூற்றைம்பதைத் தாண்டியதாம். மருந்து கொடுத்ததும் மளமளவென்று சரிந்ததாம். உடம்பு அப்படி ஏறி இறங்கியபோது நான் எங்கே மிதந்துகொண்டிருந்தேன்?

மார்ச் 7
என் பயந்த சுபாவம்தான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
"ஆழ்ந்த மயக்கத்துல இருந்தீங்கம்மா. யாரைப் பார்த்துப் பயப்படுவீங்க? இது வேற ஏதோ. ஸ்கேன் எடுத்துடலாம்."
அவர் போன பிறகு ரொம்ப நேரம் அழுதேன். ஏன்னு தெரியல. ஒருத்தர் என்னை நம்பிட்டாங்க, அவ்வளவுதான்.

மார்ச் 11
வலது சிறுநீரகத்தின் மேல் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. அதுதான் நினைத்த நேரத்தில் ரத்தத்தில் எதையோ சுரந்து நெஞ்சை அடிக்கவைக்கிறதாம். உயிருக்கே ஆபத்தாம்.
வீடு திரும்பியதும் இவர் வாசலில் சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஆறு வருஷமா உன்னைக் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன்."
"முதல்ல கதவைத் திறங்க, கால் வலிக்குது" என்றேன்.

மார்ச் 24
மாத்திரை. தண்ணீர். மறுபடி மாத்திரை. அடுத்த ஆபரேஷனுக்குமுன் ரத்த அழுத்தத்தை அடக்கி வைக்கிறார்களாம். பகலெல்லாம் அரைத்தூக்கம். ஜன்னல் திரை மட்டும் மூச்சு விடுகிறது.

ஏப்ரல் 2
கட்டியை எடுத்துவிட்டார்கள், பித்தப்பையையும். "இந்தத் தடவையும் ஏறி இறங்குச்சு. ஆனா, வரும்னு தெரிஞ்சே காத்துட்டு இருந்தோம்" என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 30
மத்தியானம் கை நழுவிக் கண்ணாடித் தம்ளர் உடைந்தது. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி, இரண்டே மூச்சில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பயம் என்பது இவ்வளவுதானா? இவ்வளவு சின்னதா?
"பயந்துட்டியா?" என்று ஓடிவந்தவர், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
"ஆமா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.