கைராவின் கல்யாணக் கேசட்

என் கைராவுக்கு, ஓரானிலிருந்து உன் புருஷன் லஹ்பீப் சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? உன் நாக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது எனக்குத் தெரியும்.

இங்கே மூடிக் கிடந்த ஒரு கேசட் கடைக்குச் சுவர் பூசுகிறேன். கடைக்காரர் பூஸியான் நேற்று அந்தக் காலத்தில் கல்யாணங்களில் பதிந்து விற்ற பழைய ராய்ப் பாட்டுக் கேசட்டுகளை ஓடவிட்டார். ஒன்றில் நம் கல்யாணக் கச்சேரி! குழலுக்கும் மேளத்துக்கும் நடுவே, பாட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் பெயரைக் கூவுகிறவன் கத்துகிறான்: “ஹாஜி தையிப் சொல்றாரு! இந்தப் பாட்டு என் மக கைராவுக்கு! ஊதுப்பா, நிறுத்தாத!”

கரண்டியைச் சாந்தோடு கீழே போட்டுவிட்டேன்.

“என்னய்யா, பேயக் கண்டியா?” என்றார் பூஸியான்.

“அதவிட மோசம் முதலாளி, என் மாமனாரு.”

கொத்தனுக்குப் பெண் கொடுக்க நேர்ந்த கோபத்தில் வாப்பா கல்யாணத்துக்கே வரவில்லை என்று இருபது வருஷமாகக் குமைகிறாயே, அவர் ஆண்கள் கூடாரத்தில் இருந்திருக்கிறார். பெண்கள் பக்கம் இருந்த உனக்கு எப்படிக் கேட்கும்? மாப்பிள்ளையான என்னையும் வழக்கப்படி கூட்டாளிகள் வேறு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். ராய் கேட்பதே வெட்கக்கேடு என்கிற மனிதர், இதை வாய்விட்டுச் சொல்வாரா?

கேசட்டை பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். மறுபக்கம் காலி. என்னைத் திட்டிப் பதிந்து அனுப்பு, இங்கே திட்ட ஆளில்லை. கம்பளிக் காலுறையும் வை.

அதற்கு முன்னால் வாப்பாவைக் காபிக்குக் கூப்பிட்டு, கேசட்டை ஓடவிட்டு அடுப்படிக்குப் போய்விடு. மகள் முன்னால் கேட்கக் கூசுவார். பாட்டு முடியும்வரை அவர் நிறுத்தாவிட்டால், இருபது வருஷக் கோபத்தை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, காபியை நீயே கொண்டு போ.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

லஹ்பீப்