முப்பத்தோராவது திரையிலும் உன் பெயர்

என் அன்பு மச்சான் சரவணா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. தாம்பரத்தில் நம் கல்லூரி லேபில் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் முப்பது திரைகளிலும் உன் பெயர்தான் வருகிறது. சர்வரில் நீ எழுதி வைத்தது அப்படி. புதிதாக ஒரு கணினியை நெட்வொர்க் கேபிளில் செருகிப் பவர் கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் பழையதையெல்லாம் சர்வரே அழித்து, புது ஓ.எஸ். ஏற்றி, முதல் பயனராக உன்னையே உட்காரவைத்துவிடும். "யாரு சார் இந்த சரவணன்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

அழிக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்க வைடா என்று அன்றைக்கே சொன்னேன். "முப்பது மிஷின் முன்னாடியும் போயி எண்டர் தட்டிகினு நிக்கணுமா? பேஜார்டா மச்சான், அதுவே பாத்துக்கும்" என்று சிரித்தாய். ஆளில்லாத லேபில் அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன புதன்கிழமை மத்தியானம் உன் ரேவதி சிட்லபாக்கத்திலிருந்து உன் வீட்டுக் கணினியை ஆட்டோவில் எடுத்துவந்தாள். "ஆன் ஆக மாட்டேங்குது அண்ணா. பாப்பாவுக்கு அவர் கதை சொல்லி ரெக்கார்டு பண்ணதெல்லாம் இதுலதான் இருக்கு. அப்பா குரல் கேக்கணும்னு அழறா."

திறந்து தூசு தட்டி, ராம் மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அப்புறம் என் கை செய்ததை எப்படிச் சொல்வேன்? ஆறு வருடப் பழக்கம். மேசையில் கிடந்த லேப் கேபிளைப் பின்னால் செருகி, பவரைப் போட்டுவிட்டு அவளுக்கு டீ வாங்கப் போனேன். உன் மிஷினையும் நீ, ஆன் ஆனதும் தன் டிஸ்க்கைப் பார்க்கும் முன்னால் நெட்வொர்க்கைத் தேடும்படியே வைத்திருந்தாய்.

திரும்பி வந்தபோது ரேவதி திரையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். "அவர் பேர் வந்துடுச்சு அண்ணா! எல்லாம் இருக்குல்ல?"

உன் பெயர் இருந்தது. அதற்குள்ளே ஒன்றுமில்லை; லேப் சர்வர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தது. "இருக்கும்மா, ரெண்டு நாள் டைம் குடு" என்றேன்.

அழிந்ததை டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருபவரிடம் கொண்டுபோனேன். பழையதன் மேலேயே புதிது எழுதிவிட்டதாம், கையை விரித்துவிட்டார். அது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனே, ஏன்டா கேட்க வைக்கவில்லை? இல்லை, உன் தலையில் பழி போட எனக்கென்ன யோக்கியதை. செருகியது என் கை.

நேற்று சர்வரில் ஒரு வரி சேர்த்தேன். சோதிக்க ஒரு கணினியை இயக்கினால், "அழிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நின்றது. உன் பெயரில் மட்டும் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் போகிறேன். 'இருக்கு' என்று சொன்ன அதே வாயால் 'இல்லை' என்று சொல்வேன். அதற்குப் பிறகும் ரேவதி என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா? தெரியாது. ஆனாலும் போவேன்டா, சத்தியமாக.

இன்னும் உன் பாப்பாவுக்கு மாமாவாக இருக்க ஆசைப்படும்,
முரளி