டைரியில் எழுதிய திதி

என் நெற்றியில் நாள் தவறாமல் திருநீறு பூசிவிட்ட அத்தைக்கு,

உங்கள் முதல் வருசத் திதியைத் தவறவிட்டுவிட்டேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலீஷ் வருசம் பிறந்தால் சேலத்துப் பஞ்சு மண்டியில் உங்கள் மகனுக்குக் கொடுப்பார்களே, அந்தக் குட்டி டைரி ஞாபகம் இருக்கிறதா? அவர் அதை என்னிடம் தந்துவிடுவார். நான் பழைய பட்டுத் துணியில் உறை தைத்து, பென்சில் செருக ஒரு காதும் வைத்து, இடுப்பிலேயே வைத்திருப்பேன். நீங்கள் எதையும் முந்தானையில் முடிச்சுப் போட்டே ஞாபகம் வைத்தவர். "ஏஞ்சாமி, அதுல வெள்ளைக்காரன் மாசந்தான இருக்குது? நம்ம நாளை எப்பிடிக் கண்டுபுடிப்பே?" என்பீர்கள். நான் சிரித்துவிடுவேன்.

இந்த வருசம் புது டைரி வந்ததும், பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிஸ்தி கட்டும் தேதி, பள்ளிக்கூடம் திறக்கும் தேதி என்று வரிசையாக எடுத்து எழுதினேன். அதே கையோடு, நீங்கள் கண்மூடிய தேதியிலேயே உங்கள் திதியையும் எழுதிவிட்டேன். திதி தேதியோடு நிற்காது, நிலவோடு நகரும் என்று ஏகாதசி விரதம் இருக்கிற எனக்குத் தெரியாதா? அச்சடித்த பக்கத்தில் என் எழுத்தைப் பார்த்ததும் பஞ்சாங்கத்தைத் தொடவே தோன்றவில்லை.

அந்தத் தேதிக்குச் சில நாள் முன்னால் எருமப்பட்டியிலிருந்து உங்கள் மகள் பாவாயி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வெறும் வயிறு, மடி நிறைய அவரைக்காய்.

"ஏனுங்க நங்கையா, இன்னும் அடுப்புப் பத்த வெக்கலீங்களா? இன்னிக்கு அம்மாவுக்குத் திதியல்லங்க?"

"அதுக்கு நாள் கெடக்குது. இதா பாரு, எழுதியிருக்குது."

எழுதப் படிக்கத் தெரியாதவள் முகத்துக்கு நேரே பக்கத்தை விரித்துக் காட்டினேன். காயை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரு வாய் மோர் குடித்துப் போ என்றுகூட நான் சொல்லவில்லை.

நான் எழுதிவைத்த நாளில் படைத்தேன். எத்தனை கூப்பிட்டும் ஒரு காக்கைகூட இறங்கவில்லை. உங்கள் மகன் குருக்களிடம் போய்க் கேட்டு வந்தார். பாவாயி வந்த நாள்தான் திதியாம். என்னைத் திட்டவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு நம் வாசல்வரை வந்து பார்த்தீர்களா அத்தை? அடுப்பு எரியாததைக் கண்டு திரும்பினீர்களா?

மறுநாள் எருமப்பட்டிக்குப் போனேன். என்னைக் கண்டதும் பாவாயி இலையை விரித்தாள். "உக்காருங்க நங்கையா. இல்ல, டைரியக் கேட்டுட்டுத்தான் சாப்புடுவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் இலை முன் உட்கார்ந்தேன். அன்று இங்கிருந்து போனதும் அவளே உங்களுக்கு ஒரு பிடி சோறு வைத்தாளாம். "மக வெக்கக் கூடாதும்பாங்க. எங்கம்மாவப் பட்டினி போட மனசு வரலீங்க" என்றாள்.

டைரியைத் தூக்கிப் போட மாட்டேன் அத்தை, அது என்ன செய்யும்? வருகிற வருசம் பஞ்சாங்கம் பார்த்து, பாவாயியிடம் போய்ச் சரிதானா என்று கேட்டு, அவள் ஆமாங்க என்ற பிறகே அதில் எழுதுவேன். யார் என்ன சொன்னாலும், அன்று நம் வீட்டில் முதல் பிடி அவள் கையால்தான். வந்துவிடுங்கள்.

உங்கள் மகளைப் பசியோடு அனுப்பிவிட்ட
உங்கள் மருமகள்