வழித்துணைக்கு வைத்த மண்

இவ்வோலை எழுதப்படும்போது தேனாற்றுக் கோட்டையின் மேலை வாயிலில் உடனிருந்தோர்: வாயிலைப் பார்வையிட வந்த மந்திரி கடம்பன் அரையன், வாயில் தலைவன் எயினன் சாத்தன், ஓலை எழுதும் பூதி, வெண்குன்ற நாட்டிலிருந்து வெற்றிலைக் கொடி கொண்டுவந்த நக்கன் உமையாள், அவள் மகளும் இந்நாட்டு மருமகளுமான பரவை, பரவையின் வண்டிமாடுகள் இரண்டு. மாடுகள் சாட்சி சொல்லமாட்டா; நின்றதால் எழுதப்பட்டன.

வெண்குன்ற நாட்டை ஆண்டு, தோட்டக்குடிகளின் முறையீட்டுக்கு நாள் பாராமல் செவி தரும் அரசியார் எழினி நங்கையார் திருமுன், தேனாற்று நாட்டு மந்திரி கடம்பன் அரையன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கிணறுகள் ஊறுக. தங்கள் வெற்றிலைக் கொடிக்கால்களில் நிழல் குறையாதிருக்க.

எல்லை கடக்கும் கொடியும் பதியனும் மண்ணின்றி வரவேண்டும், மண் கண்டால் கட்டு முழுவதும் வாயிலிலேயே எரிக்கப்படும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான ஆணை. அது பிறந்த காரணம் தாங்கள் அறிந்ததே. முன்னொரு மழைக்காலத்தில் யாரோ அன்போடு கொண்டுவந்த பதியனின் மண்ணில் வேரழுகல் ஏறிவந்து, ஆற்றோரக் கொடிக்கால்கள் அத்தனையையும் தின்றது. அன்று நோய் மேலும் பரவாதிருக்கத் தீ வைக்கப் போனவர்களில் சாத்தனும் ஒருவன். அவன் கொளுத்தியவற்றுள் அவன் மாமனாரின் கொடிக்காலும் அடக்கம். அந்த வீட்டில் இன்றுவரை அவனுக்கு மோர்கூடக் கொடுப்பதில்லை.

உமையாள் கொண்டுவந்த விதைக்கொடிகள் கழுவித் துடைத்தவை. தங்கள் கண்காணியின் முத்திரையும் சரியாக இருந்தது. சாத்தனுக்கு மனம் இலேசாயிற்று. பரவையின் புது நிலத்தில் அகத்தி வளர்ந்து, கொடி படரக் காத்து நிற்கிறது. இந்தப் பருவம் தப்பினால் அவள் நிலம் ஓராண்டு வெறுமையாகக் கிடக்கும். ஆகவே சட்டென்று முடித்து அனுப்பலாம் என்றுதான் கட்டைச் சுற்றியிருந்த வாழைப்பட்டையைப் பிரித்தான். உள்மடிப்பில் ஈரமண் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தது.

உமையாள் அதை மறைக்கவில்லை. அவர்கள் ஊரில், கட்டிக்கொடுத்த பெண்ணின் நிலத்துக்குக் கொடி போனால் தாய்க்கொடிக்காலின் மண்ணைப் பட்டையில் பூசி அனுப்புவது வழக்கம். கொடியில்தான் மண் கூடாது, பட்டையில் இருக்கலாம் என்று அவள் எண்ணியிருக்கிறாள். அங்கே நடந்த பேச்சைத் தாங்கள் உள்ளபடி அறியவேண்டும் என்பதால், பேசியவாறே எழுதச் சொன்னோம்.

"ஏம்மா, எல்லாத்தையும் கழுவிட்டு இதை எதுக்கு வெச்சே?" என்றாள் பரவை.

"கொடிக்குத் தெரியாத ஊருடீ. வழித்துணைக்கு வெச்சேன்."

"வழித்துணையா வந்தது நோயா இருந்தா?" என்று கேட்டான் சாத்தன்.

"எங்க கொடிக்கால்ல நோய் கிடையாது."

"எங்க மாமனாரும் இதைத்தான் சொன்னாரு ஆத்தா. நான் பந்தத்தோட நிக்கிறேன், அவரு இதையே சொல்லிட்டிருந்தாரு."

உமையாள் கொடிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாத்தன் தீச்சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. பிறகு மந்திரியிடம் திரும்பி, வாயிலுக்குப் பின்னே மதில் சூழ்ந்த தனிக்கொல்லை ஒன்று இருப்பதை நினைவூட்டினான். அரசர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் செடிகளை நோயில்லை என்று தெளியும்வரை அடைத்துவைக்கும் இடம் அது. அரசர் வீட்டு மாதுளைக்குக் கிடைக்கும் தவணை குடியானவளின் வெற்றிலைக்குக் கிடைக்கக் கூடாதா என்று பணிந்து கேட்டான். மந்திரி ஒப்பினார்.

ஆனால் கொல்லையின் விதி கடுமையானது. பட்டையும் மண்ணும் உடனே எரியும். உள்ளே நட்ட கொடி ஆளுயரம் ஏறும்வரை எதுவும் வெளியேறாது, காலில் மண் ஒட்டும் என்பதால் உள்ளே போன மனிதர் உட்பட. அழுகல் தெரிந்தால் கொடிகள் அங்கேயே கொளுத்தப்படும். தினமும் நீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் அதற்கு முன்பே செத்துவிடும்.

"நான் போறேம்மா," என்றாள் பரவை.

"நீ போனா உன் அகத்திக்கு யாரு தண்ணி ஊத்துவா, உன் மாமியாரா? நான் உள்ள இருக்கேன், நீ சோத்தை மட்டும் மதிலுக்கு மேலால இறக்கு. இலையில கட்டிக் கொண்டா. சோத்து ஏனம் உள்ள வந்தா திரும்பி வராது, அந்தம்மா வாசல்ல நின்னு கணக்குக் கேக்கும்."

பூதி சிரித்துவிட்டு, எழுத்தாணியைக் கீழே வைத்ததற்காகக் கடிந்துகொள்ளப்பட்டான்.

ஆகவே அரசியார் அறியவேண்டுவது: தங்கள் குடிமகள் சிறைப்படவில்லை, தன் கொடிக்குக் காவலாகத் தானே இசைந்து உள்ளே இருக்கிறாள். அவள் வீட்டாருக்கு இதைச் சொல்லி, அவள் திரும்பும்வரை அவள் கொடிக்காலுக்கு நீர் பாய்ச்ச ஆள் அமர்த்தித் தரவேண்டும். கொடியில் மட்டுமன்றிக் கட்டிலும் பட்டையிலும் நாரிலும் மண் ஆகாதென்று ஊர்தோறும் பறையறைவிக்கவும் வேண்டுகிறோம். அன்பினால் வைக்கும் மண்ணும் மண்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லச் செய்க.

நம் வாயிலார்க்கு ஆணை: இன்று முதல் தனிக்கொல்லை எந்தக் குடிக்கும் திறக்கும். மண் கண்ட கொடியை, உடையவர் உள்ளிருக்க இசைந்தால், எரிக்கலாகாது. இது அரசர் பெயரால் அரக்கு முத்திரையிட்டு உறுதி செய்யப்பட்டது. மாற்றுவார் அரச வழக்குக்கு உட்படுவர்.

முத்திரை வைத்த வேளையில் உமையாள் செருப்பை வெளியே விட்டு, கொடிகளை ஈரத்துணியில் ஏந்தி உள்ளே நடந்தாள். பரவை கதவுவரை போனாள். சாத்தன் அவளை நிறுத்தினான். பிறகு கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.