முன்னறையில் ஒரு கறுப்புத் தொலைபேசி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முதுகுவலி மட்டும் அவரைப் போலவே யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே குளிர் அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ போனில் கூப்பிடும்போது என்னிடமிருந்து "ம்" தவிர வேறு எதுவும் வராது என்று உனக்குத் தெரியும். அந்த "ம்"களுக்குள் இருந்ததையெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

முன்னறையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ கிளம்பும்போது அப்பாவிடம் மல்லுக்கட்டி எனக்கு வாங்கிக் கொடுத்த அறை அல்லவா? டயர்க்கடைக்காரர் அதைச் சரக்கு வைக்க வாடகைக்குக் கேட்டு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். அப்பா உன்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நீ லீவுக்கு வர்றதுக்குள்ள அவ ஒரே ஒரு பொம்மையாவது தன் வாயால பேசி வெளியாளுக்கு விக்கணும். உங்கம்மா பேசி வித்தா சேராது. இல்லன்னா ரூமுக்கு டயர் வந்துடும்" என்றார். நீயும் எனக்காகச் சரி என்று தலையாட்டிவிட்டாய். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், டீச்சர் என்னைக் கேட்டால் நீ பதில் சொல்வாய். நீ படித்து முடித்து வெளியே போன மறு வருஷமே நானும் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

சரி, அழுகைக் கதை வேண்டாம். அறையைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. நான் தைக்கிற துணி பொம்மைகளை வெறும் பலகையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ரேஷன் கடைக்கு நிற்பது போல் பாவமாக நின்றன. அதனால் அப்பாவின் பழைய சாமான் கொட்டகைக்குள் நுழைந்தேன். எடைக்கு வந்த சாமான்களில் எனக்குப் பிடித்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டேன் என்றால், விரலைக் காட்டினேன்.

கடிகாரம் பழுது பார்ப்பவர் கடையை மகனிடம் விட்டபோது எடைக்குப் போட்ட, குட்டிக் குட்டி இழுப்பறைகள் வைத்த மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. இப்போது அதில் நிறம் பிரித்துப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒரு தட்டு வளைந்த தராசை ஜன்னலில் தொங்கவிட்டு, ஒரு தட்டில் நூல்கண்டுகளையும் மறு தட்டில் ஒரு பூனை பொம்மையையும் வைத்தேன். பூனைதான் கனம். முடிதிருத்தும் கடையிலிருந்து வந்த நீளக் கண்ணாடியில் பாதரசம் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. அதில் பார்த்தால் என் முகத்தில் பாதிதான் தெரியும். எனக்கு அதுவே போதும். எல்லாவற்றையும் விட வேடிக்கை, இடித்த சினிமாக் கொட்டகையின் ஒட்டிப் பிறந்த இரண்டு நாற்காலிகள். எழுந்தால் படாரென்று மடங்கிக்கொள்ளும். அம்மா ஒரு நாள் எழுந்து நின்று பேசிவிட்டு, நாற்காலி விரிந்திருக்கிறது என்ற நினைப்பில் உட்கார்ந்து தரைக்கே போய்விட்டாள். தரையில் இருந்தபடியே பேச்சைத் தொடர்ந்தாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. எதை எடுத்தாலும் கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்து "இரும்பு, நாலு கிலோ வரும்" என்கிறார். அம்மா சொல்வது வேறு: "ஊருல எல்லாரும் வீட்டுப் பழசைக் கொண்டுபோய் கடையில போடுவாங்க. என் பொண்ணு கடைப் பழசைக் கொண்டாந்து வீட்டுல போடுறா."

அப்பா மீது ஒரு வருத்தம், உனக்கு மட்டும் சொல்கிறேன். காலால் மிதித்து ஓட்டுகிற பழைய தையல் மெஷினின் இரும்புக் காலைத்தான் என் மேஜைக்கு வைத்திருந்தேன். கொடி கொடியாக வேலைப்பாடு, மேலே துருவின் செம்மை. அவ்வளவு அழகு! நான் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் அப்பா அதைத் தேய்த்து, பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். "எப்பூடி? புத்தம் புதுசு மாதிரி ஆயிடுச்சு பாத்தியா" என்று பிரஷ்ஷோடு சிரித்தார். முதுகுவலியோடு குனிந்து அடித்திருக்கிறார். நான் என்ன சொல்வேன்? "ம்" என்றேன். இப்போது ஒரு பழைய திரைச்சீலையால் அந்தக் காலை மூடி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, ஒரு கறுப்புத் தொலைபேசி. விரலை விட்டுச் சுற்றுகிற பழைய மாதிரி. "எடை போட்டா ஒண்ணும் தேறாது, வச்சுக்க" என்று அப்பா சும்மாவே கொடுத்தார். அதை மேஜை மேல் வைத்ததும் அறைக்கே ஒரு கடைக்களை வந்துவிட்டது.

ஆனால் அக்கா, ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், "இது என்ன விலைம்மா?" என்கிறார்கள். என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. விற்றது எல்லாம் அம்மா விற்றதுதான். டயர்க்கடைக்காரர் நேற்றுகூட வந்து அறையை அடியளந்துவிட்டுப் போனார்.

அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு பயிற்சி செய்கிறேன். சிரிக்காதே. அந்தப் பேசாத போனை எடுத்து, வாடிக்கையாளரிடம் பேசுவது போல் பேசிப் பார்க்கிறேன். மறுமுனையில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் வார்த்தை வருகிறது. அங்கேயும் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் குட்டி

*

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நாங்கள் எல்லோருமே நலம்! அப்பாவின் முதுகுகூட இன்று நலம். போன கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். நீ டீ குடித்துக்கொண்டு படிப்பதாக இருந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிடு.

நேற்று காலை ஒரு யானையைத் தைத்து முடித்தேன். அதன் ஒரு கண் பெரியவர் ஒருவரின் கோட்டுப் பொத்தான், மறு கண் குழந்தைச் சட்டைப் பொத்தான். ஜோடி கிடைக்கவில்லை. வழக்கம் போல் போனை எடுத்து உன்னிடம் அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "இல்லீங்க, தப்பா தைக்கலீங்க. பெரிய கண்ணு தூரத்துல இருக்கிறவங்களைப் பாக்க, சின்னக் கண்ணு பக்கத்துல இருக்கிறவங்களைப் பாக்க" என்று நல்ல சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், அந்தப் பாதரசம் போன கண்ணாடியில் ஒரு காக்கிச் சட்டை தெரிகிறது.

ஒரு பஸ் கண்டக்டர் அம்மா. தோளில் டிக்கெட் பை. சினிமா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, நான் பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்! நான் போனைக் கீழே வைக்கப் போனேன். அவரோ "நீங்க பேசுங்க, பேசுங்க. டூட்டிக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று கையமர்த்தினார். திரைக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாளாம். அப்பா அவள் கையைப் பிடித்திருந்தாராம். இது பிறகு தெரிந்தது.

போனைச் சும்மா வைக்கவும் முடியவில்லை. "சரிங்க, அப்புறம் கூப்பிடுறேங்க" என்று உன்னிடம் சொல்லிவிட்டு வைத்தேன். கண்டக்டர் அம்மா எழுந்தார், நாற்காலி படாரென்றது. "அந்த யானையை அவங்களுக்குக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எந்த அவங்க என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு, எங்கிருந்து வந்ததோ, "இன்னும் குடுக்கலீங்க. உங்களுக்கு வேணுமா?" என்றேன்.

நான்தான் அக்கா. நானே சொன்னேன்.

யானையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க டிரைவருக்கு இப்படி ரெண்டு கண்ணு இருந்தா எத்தனை ஸ்டாப்பு தப்பாம இருக்கும்!" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பேச்சு தானாக வந்தது. தும்பிக்கைக்குள் என்ன அடைத்திருக்கிறேன், துணி எங்கே கிடைத்தது, எல்லாம் சொன்னேன். அவர் வெளியூரில் தங்கிப் படிக்கிற மகளுக்காக வாங்கினார். "தூரத்துல இருக்கிறவளைப் பாக்கிற கண்ணு அவளுக்கில்ல, எனக்குத்தான் வேணும்" என்றார். விலையையும் நானே சொன்னேன். பேரம் பேசினார், நான் குறைக்கவில்லை. அப்பா பெண் அல்லவா!

போகும்போது அவர் பை மாட்டி மேஜையின் திரைச்சீலை நழுவி விழுந்தது. "இதென்ன, எல்லாம் பழசா இருக்கு, இது மட்டும் இப்படி மின்னுது?" என்று கேட்டார். எனக்குத் திரைக்குப் பின்னால் அப்பா இருப்பது அப்போது தெரியாது. ஆனாலும், "எங்கப்பா எனக்காக அடிச்ச பெயின்ட்டுங்க. இந்த ரூம்ல இதுதான் புதுசு, இப்படியே இருக்கட்டும்" என்றேன். திரைச்சீலையை மறுபடி போடவில்லை. இனிப் போடவும் மாட்டேன்.

வாசல்படி தாண்டியவர் திரும்பி வந்து, மெல்லிய குரலில், "கண்ணு, போன் ஒயர் மேஜைக்கு இந்தப் பக்கம் தொங்குது. அடுத்த ஆள் வர்றதுக்குள்ள பின்னாடி தள்ளி விட்டுடு" என்று சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போனார். குனிந்து பார்த்தேன். சாணளவு அறுந்த ஒயர், எலிவால் மாதிரி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது!

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா வெளியே பாய்ந்து வந்து, அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். அப்பா மேஜையின் இரும்புக் காலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மாலையில் டயர்க்கடைக்காரர் வந்தார். அப்பா வாசலிலேயே நிறுத்தி, "அங்க இப்ப எம் பொண்ணு கடை நடக்குதுங்க. வேற எடம் பாத்துக்குங்க" என்று சொன்னது எனக்கு உள்ளே வரை கேட்டது.

நீ லீவுக்கு வரும்போது ஒன்று மட்டும் செய். எப்போதும் போல் பின்கட்டு வழியாகக் கத்திக்கொண்டு வராதே. முன்வாசல் வழியாக, யாரோ வெளியாள் போல வா. சினிமா நாற்காலியில் உட்கார், பார்த்து உட்கார். எனக்காக நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் இரு, போதும். ஒயர் அறுந்த போனில் உன்னிடம் இத்தனை நாளும் பேசியதையெல்லாம் நான் நேரில் சொல்கிறேன்.

சீக்கிரம் வா.

உன் வரவை எதிர்பார்த்து, பெரிய கண்ணைத் திறந்து வைத்திருக்கும்
உன் குட்டி