பழைய சிடியில் ஒரு பெண்குரல்

சனி

வெயில். கடற்காற்று துளியும் இல்லை. சதுரங்கப்பட்டினம் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது.

வேலை: 'லேடி ஆ' ஒலியைச் சுத்தம் செய்வது. நாளை சர்ச்சில் ஒரு கல்யாணம், நான்தான் கீபோர்டு. சர்ச் பாட்டுக்குழு ஜான்சன் அண்ணன் பழைய சிடியிலிருந்து காப்பி போட்டுக் கொடுத்தது இது. தொண்ணூறுகளில் யாரோ ஒரு பாடகியை உட்காரவைத்து, சுரம் சுரமாக 'ஆ' பாடவைத்துப் பதிந்திருக்கிறார்கள். அப்போது கம்ப்யூட்டரில் இடம் ஏது? குட்டித் துண்டு ஒன்று, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. கீபோர்டில் நாலைந்து கட்டைக்கு ஒரே 'ஆ'. மேலே போனால் சின்னப் பிள்ளை, கீழே வந்தால் ஜலதோஷம் பிடித்த அத்தை.

புதிதாக வருவதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கையே அடைக்கிறது. படுசுத்தம். ஆனால் உள்ளே ஆள் இல்லை. இதில் யாரோ இருக்கிறார்கள். இந்தப் பழசுக்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் அலைகிறது, நானும் அதில் ஒருத்தி.

ஒரு கட்டையில் மட்டும் தொடக்கத்தில் 'சிலுங்'. பல வருட எரிச்சல். வெட்டி, அதே ஃபைலில் சேவ். நிம்மதி.

ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. பிரியாணியில் உப்பு தூக்கல்.

சாயந்திரம் அம்மாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன், வேறு இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்க. அம்மாவுக்குக் காது கூர்மை, குரல்தான் இல்லை. எனக்கு மூன்று வயதில் அவளுக்குத் தொண்டை ஆபரேஷன். அதிலிருந்து வெறும் காற்றுப் பேச்சு. அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

"இன்னாடி இது? நான்டி இது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மெட்ராஸ்ல கோரஸ் பாடப் போயிகினு இருந்தேன்ல? ஒரு நாளு பூரா ஆ, ஆன்னு பாட வுட்டாங்கோ. எதுக்குன்னு யாரும் சொல்லல."

எத்தனை வருடமாக இதைச் சர்ச்சில் வாசிக்கிறேன்! அந்த ஸ்பீக்கரில், அத்தனை பேர் பாட்டுக்கு அடியில், அவளுக்கே தெரியவில்லை.

எல்லாக் கட்டையையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"ஒண்ணுல வளையல் சத்தம் கேக்கணுமே. எங்க?"

வளைகாப்பு முடிந்த வாரமாம். "கயட்டும்மான்னாரு மிசின்காரரு. கொயந்த பொறக்கறவரைக்கும் கயட்ட மாட்டேன்னுட்டேன். கர்ச்சீப்ப சுத்தி வுட்டாரு. ஒரு வாட்டி அவுந்துகிச்சி."

எந்தக் குழந்தை என்று கேட்க வேண்டியதில்லை. நான் ஒருத்திதான்.

வெட்டியதைச் சொன்னேன். "வுடு, பரவால்ல." முகம் அப்படிச் சொல்லவில்லை.

திங்கள்

ஆபீஸில் ஒன்றும் ஓடவில்லை. ஜான்சன் அண்ணனுக்கு போன்.

"அந்த சிடியா? பூஞ்சை புடிச்சிகினு கெடந்துது, தூக்கிப் போட்டேனேம்மா."

செங்கல்பட்டில் பஸ் ஏறியதும் இணையத்தில் அந்தப் பழைய ஒலிக் குழுவில், வெட்டாத 'ஆ' யாரிடமாவது இருக்கிறதா என்று எழுதினேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முகம் தெரியாத யாரோ அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி: 'இந்தக் குரல் இல்லாமல் நான் ஒரு பாட்டும் முடிப்பதில்லை. பாடியது யாரென்று தெரியுமா?'

அம்மாவைக் கேட்டுத்தான் பதில் போட வேண்டும். எந்தெந்த ஊரில், யார் யார் விரலுக்கடியில் அம்மா.

செவ்வாய்

மூட்டம். ஆபீஸ் லீவு. காலையில் காபிகூடப் போடாமல் அம்மா காதில் மாட்டிவிட்டேன். சிலுங். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி அந்த ஒரே கட்டையை அழுத்தினாள்.

பிறகு, "உங்கப்பா அடக்கத்துக்கு வாசிச்சியே, அதுவும் இதானா?"

போன வருடம். சர்ச்சில் எல்லாரும் பாட, அம்மா சவப்பெட்டியின் பக்கத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா."

வாசலில் மீன்காரம்மா கூப்பிட்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அப்போ அவுருக்கு நான் பாடிக்கீறேன்."